கன்றுக்கா, காவலுக்கா: கடைத்தெருவின் மரநிதியை எங்கே செலவிடுவது?

ஆதம்பாக்கத்துக்கும் வேளச்சேரிக்கும் இடைப்பட்ட எங்கள் கடைத்தெருவில் மளிகை, மருந்து, இரும்புச் சாமான், தையல், தேநீர் என்று பல தொழில் செய்யும் முப்பது கடைக்காரர்கள், நாட்டு மரங்கள் நடுவதற்காக மாதம் ஆளுக்கு 500 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகள் ஒதுக்குவது என்று பேசி முடித்திருக்கிறோம். மாதத்துக்கு 15,000, ஆண்டுக்கு 1,80,000, மூன்றாண்டு முடிவில் 5,40,000 ரூபாய் சேரும். சிறு வணிகர்களுக்கு இது அற்பத் தொகை அன்று. நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. எங்களில் எவரையும் அந்தச் சட்டம் தொடாது. கல்லாப் பெட்டியிலிருந்து விரும்பி எடுத்துக் கொடுக்கும் பணம் என்பதால், அதை எந்த வழியில் செலவிட்டால் தெருவுக்கு மரம் மிஞ்சும் என்று ஒப்பிட்டு எழுதித் தரும் பொறுப்பைச் சங்கம் என்னிடம் ஒப்படைத்தது. அந்த ஒப்பீடுதான் இது.

வழிகளை எடைபோடுவதற்கு முன் எடைக்கல்லைச் சொல்லிவிட வேண்டும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைக் கணக்கில் எடுத்தால் ஒரு விடை வரும். மூன்றாவது கோடை கழிந்த பிறகு உயிரோடு நிற்கும் மரங்களை எண்ணினால் வேறொரு விடை வரும். நான் இரண்டாவதையே எடுத்துக்கொண்டேன். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்தாலும், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டி முடிந்துவிடுகிறது. தை பிறந்த பிறகு ஆனி வரைக்கும் மழையை நம்பிக் கன்று வளர்க்க முடியாது. ஆவணியிலோ புரட்டாசியிலோ நட்ட கன்று மழைக்காலத்தில் எவர் தயவும் இல்லாமல் தளதளவென்று நிற்கும். அடுத்து வரும் சித்திரை, வைகாசியில் அதற்குத் தண்ணீர் ஊற்றும் கை இருக்கிறதா இல்லையா என்பதில்தான் அதன் ஆயுள் அடங்கியிருக்கிறது. எனவே ஒவ்வொரு வழியைப் பற்றியும் நான் முதலில் கேட்ட கேள்வி, இரண்டாவது மே மாதத்தில் இங்கே யார் இருப்பார்கள் என்பதே.

எந்த மரம் என்ற கேள்வி

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் நடவேண்டிய மரங்களின் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அதை முதலில் முடித்துக்கொள்ளலாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது நகரம் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. மறுநாள் தெருக்களை அடைத்துக் கிடந்தவற்றில் மயிற்கொன்றையும் தூங்குமூஞ்சியும் பெருங்கொன்றையும் மிகுதியாக இருந்ததை அன்று நடந்து போன எவரும் மறந்திருக்க முடியாது. மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்தும் தூங்குமூஞ்சி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்தும் வந்தவை. வெளியூர் மரம் என்பது மட்டுமே அவை விழுந்ததற்குக் காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. வடிகாலுக்காகவும் கேபிளுக்காகவும் ஒரு பக்க வேரை இழந்து, அடிமரம் வரை சிமென்ட் பூசப்பட்டிருந்த மரம் எந்த ஊருடையதாக இருந்தாலும் சாயத்தான் செய்யும். ஆனாலும் விரைந்து வளர்ந்து, மென்மையான கட்டையும் பரந்த முடியும் கொண்ட மரங்கள் புயல் அடிக்கும் கடற்கரை நகருக்குப் பொருந்தாதவை என்ற பாடம் அன்று அழுத்தமாகவே கிடைத்தது.

இந்தக் கடற்கரைக்கு உரிய இயற்கைக் காடு, வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. அதன் மிச்சத்தை இன்றும் கிண்டி தேசியப் பூங்காவின் சுமார் 2.7 சதுர கிலோமீட்டரில் பார்க்கலாம். உயரம் குறைந்து, கட்டை இறுகி, இலை தடித்து நிற்கும் மரங்களும் களா போன்ற முட்புதர்களும் அதன் அடையாளம். இன்னும் எளிதான சான்று வேண்டுமென்றால் கோயில்களுக்குப் போகலாம். மயிலாப்பூருக்குப் புன்னை, திருவொற்றியூருக்கு மகிழம், திருவான்மியூருக்கு வன்னி ஆகியவை தலமரங்கள். புரசைவாக்கம் தன் பெயரிலேயே புரசு மரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. எது இந்த மண்ணில் தாங்கும் என்பதை நம் முன்னோர் தலவரலாற்றிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். நாம்தான் நர்சரிக்காரர் கையில் எது இருக்கிறதோ அதை வாங்கிவருகிறோம்.

எங்கள் பகுதியின் மண் ஒரே மாதிரியானது அன்று. பரங்கிமலைப் பக்கம் சில அடிகளிலேயே பாறை தட்டும் இடங்கள் உண்டு. வேளச்சேரிப் பக்கம் களிமண், தாழ்வான நிலம், மழைக்குத் தண்ணீர் தேங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தை அந்தப் பக்கத்துக் கடைகள் இன்னும் மறக்கவில்லை. நீர் தேங்கும் இடத்தில் வேம்பு வைத்தால் அது வாடிப்போகும். அங்கே புங்கமும், இடம் தாராளமாக இருந்தால் நீர்மருதும் நிற்கும். மேடான பகுதிக்கு வேம்பு, மகிழம், வெப்பாலை, சரக்கொன்றை பொருந்தும். புன்னையும் பூவரசும் எங்கும் ஒத்துப்போகக்கூடியவை; புன்னை மெதுவாக வளரும், ஆனால் கடற்காற்றுக்கு அசையாது. ஆலும் அரசும் கடைத்தெருவுக்கு வேண்டாம்; அவற்றின் வேர் வடிகாலையும் சுவரையும் விடாது. நாவல் நல்ல மரம்தான், எனினும் பழக்காலத்தில் அடியில் நிற்கும் வண்டியெல்லாம் ஊதா நிறமாகிவிடும் என்பதால் வாடிக்கையாளரோடு தகராறு நிச்சயம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சில ஆண்டுகளாக அடர்பச்சைச் சுவர் போல வளர்கிறது என்று வீட்டுமனைப் பிரிவுகளிலும் சாலை நடுவிலும் கொனோகார்ப்பஸ் நடப்பட்டு வந்தது. 2025-இல் தமிழ்நாடு அரசு அதை நடுவதற்குத் தடை விதித்துவிட்டது. விலை மலிவாகக் கிடைக்கிறது, ஆறே மாதத்தில் ஆளுயரம் வளர்கிறது என்று எவரேனும் சங்கத்திடம் வந்து சொன்னால் பெயரைக் கேட்டுவிட்டு மேலே பேச வேண்டும்.

வேகமாகக் கடந்துவிடக்கூடிய இரண்டு வழிகள்

வாடிக்கையாளருக்கு இலவசக் கன்று வழங்குவது முதல் வழி. ஆயிரம் ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் ஒரு கன்று என்று அறிவிக்கலாம்; நிழற்படம் எடுக்கலாம்; நாளேட்டின் உள்ளூர்ப் பக்கத்தில் செய்தியும் வரலாம். ஆனால் கன்றை வாங்கிச் செல்பவர்களில் பெரும்பாலோர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள். அவர்களுக்குப் புங்கங்கன்றை எங்கே நடுவது என்று தெரியாது. பால்கனித் தொட்டியில் வைத்து, அது தொட்டியை மீறும்போது தெருவோரம் வைத்துவிடுவார்கள். என் கடைக்கு எதிர்வீட்டு மாடிப்படியின் கீழே, சென்ற ஆண்டு ஒரு விழாவில் வழங்கிய கன்று ஒன்று கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு அப்படியே காய்ந்து கிடந்தது. விளம்பரச் செலவு என்று கணக்கெழுதினால் இதில் குறை இல்லை. மரச் செலவு என்று எழுத முடியாது.

இரண்டாவது வழி, மரப்பணியில் தேர்ந்த ஓர் அறக்கட்டளையிடம் பணத்தைக் கொடுத்துவிடுவது. சென்னையில் இப்பணிக்கு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. அடையாற்றின் கரையில், குப்பை கொட்டும் இடமாக இருந்த நிலத்தைக் கோட்டூர்புரம் மரப்பூங்காவாக மாற்றியதில் ‘நிழல்’ அமைப்பின் பங்கு பலரும் அறிந்தது. தேர்ச்சி பெற்றவர்கள் கையில் பணம் வீணாகாது. பதிவு பெற்ற அறக்கட்டளையாக இருந்தால் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகைக்கும் வழியுண்டு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் மட்டும் அது கிடைக்காது. எங்கள் நோக்கம் எங்கேனும் ஓரிடத்தில் மரம் வளர வேண்டும் என்பதாக இருந்திருந்தால் இதையே பரிந்துரைத்து இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன். எங்கள் தெருவில் நிழல் வேண்டும் என்பது கோரிக்கை. அதற்கு இவர்களிடம் பணத்தைவிட அறிவுரையைக் கேட்பதே பயன் தரும்: எந்தக் குழிக்கு எந்த மரம் என்று ஒரு நாள் எங்களோடு தெருவில் நடந்து சொல்லித் தர இயலுமா என்று கேட்கலாம்.

பள்ளி வளாகமும் ஏரிக்கரையும்

அரசுப் பள்ளி வளாகம் பார்வைக்கு மிகப் பொருத்தமானது. சுற்றுச்சுவர் உண்டு, ஆடுமாடு வராது, தண்ணீர்க் குழாய் உண்டு, ஆர்வமுள்ள பிள்ளைகள் உண்டு. ஜூன் முதல் மார்ச் வரை கன்று சீராட்டப்படும். ஏப்ரல் கடைசியில் பள்ளி பூட்டப்படும். கத்திரி வெயில் நாட்கள் முழுவதும் வளாகத்தில் ஆள் நடமாட்டமே இருக்காது. கன்றுக்கு மிக அவசியமான ஆறு வாரங்களில் அதைக் கவனிக்க எவரும் இல்லை என்ற இந்த ஒரே குறை மற்ற எல்லா வசதிகளையும் விழுங்கிவிடுகிறது. காவலாளிக்கு அந்தக் காலத்துக்கு மட்டும் ஒரு தொகை கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்ல முடிந்தால் இந்த வழி உயிர்பெறும். தலைமை ஆசிரியர் மாறினால் ஏற்பாடும் மாறலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஏரிக்கரைக்கு எங்கள் கூட்டத்தில் ஆதரவு மிகுதி; ஆதம்பாக்கம் ஏரியும் வேளச்சேரி ஏரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கரையில் நட பனையைப் போல் ஏற்ற மரம் இல்லை. கன்றாக வாங்கக் கூடத் தேவையில்லை. ஆவணி, புரட்டாசியில் பழம் உதிரும்போது கொட்டையைப் பொறுக்கி ஒரு சாண் ஆழத்தில் புதைத்தால் போதும், மழை பார்த்துக்கொள்ளும். கூண்டும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். மாநில மரமான பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021-இல் அறிவிக்கப்பட்டதால் வளர்ந்த பிறகு அதற்கு ஓரளவு காப்பும் உண்டு. மரமாக நிமிர இருபது ஆண்டு ஆகும் என்பதைக் கேட்டதும் கூட்டத்தில் பாதிப் பேரின் ஆர்வம் வடிந்துவிட்டது உண்மை. இருந்தாலும் செலவே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை இது. நிதியைத் தொடாமலேயே செய்துவிடலாம். முன்னதாக நீர்வளத்துறையிடமோ மாநகராட்சியிடமோ, கரை எவர் பொறுப்பில் இருக்கிறதோ அவரிடம், எழுத்தில் அனுமதி பெற வேண்டும்.

ஏரிக்கரை என்று சொல்லும்போது சிலர் பள்ளிக்கரணையையும் சேர்த்துச் சொன்னார்கள். அது வேண்டாம். பள்ளிக்கரணை சதுப்புநிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது. கோரைப்புல்லும் ஆழம் குறைந்த திறந்த நீரும்தான் அங்கே வரும் பறவைகளுக்கு வீடு. வெற்றிடம் என்று நினைத்து அதற்குள் மரம் வைப்பது, நெல்வயலில் தென்னை வைப்பது போன்றதே.

மியாவாக்கி: கவர்ச்சியும் கணக்கும்

கூட்டத்தில் மிக நீண்ட விவாதம் இதைப் பற்றித்தான் நடந்தது. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி உருவாக்கிய இம்முறையில், நிலத்தை ஒரு மீட்டர் ஆழம் வரை கிளறி, தொழு உரமும் உமியும் தென்னைநார்க் கழிவும் கலந்து, சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள் வீதம் நெருக்கமாக நடுகிறார்கள். வெளிச்சத்துக்குப் போட்டியிட்டுக் கன்றுகள் மேல்நோக்கி விரைந்து வளரும். இரண்டு மூன்று ஆண்டுகள் தண்ணீரும் களையெடுப்பும் கொடுத்தால் அதன்பின் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது இதன் அடிப்படை. சென்னை மாநகராட்சி 2020-இல் கோட்டூர்புரத்தில் தொடங்கி நகரின் பல இடங்களில் இத்தகைய குறுங்காடுகளை அமைத்திருக்கிறது.

எங்கள் பகுதியில் இதற்கு நிலம் இல்லாமல் இல்லை. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் பத்து விழுக்காடு திறந்தவெளிக்காக ஒதுக்கப்பட வேண்டும். பெரிய மனைப்பிரிவுகளில் அந்த நிலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஓ.எஸ்.ஆர். நிலம் என்று எல்லோரும் சொல்லும் இவற்றில் சில, கட்டட இடிபாடு கொட்டும் இடமாகவே கிடக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு கிரவுண்டு நிலத்தை, அதாவது 2,400 சதுர அடியை, எடுத்துக்கொண்டால் அது ஏறக்குறைய 223 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு மூன்று என்றாலே 670 கன்றுகள் போகும். ஒரே நாளில் 670 கன்று என்பது எவரையும் மயக்கும் எண். சங்கத்தின் பெயர்ப்பலகையும் ஒரே இடத்தில் கம்பீரமாக நிற்கும்.

என் தயக்கங்கள் மூன்று. அந்த 670 கன்றுகளும் 670 மரங்களாவதில்லை. நெருக்கத்தில் வலியவை மேலேற, மெலிந்தவை மடியும். அது இம்முறையின் குறை அன்று, இயல்பு. ஆகவே எண்ணிக்கையை வைத்துத் தெருமரத்தோடு ஒப்பிடுவது தவறான கணக்கு. அடுத்ததாக, நம் உலர் பசுமைமாறாக் காட்டின் வீரை, காசான், உலக்கைப்பாலை போன்ற மரங்கள் மெதுவாக வளர்பவை, சாலையோர நர்சரியில் கிடைக்காதவை. ஆரோவில் சுற்றுவட்டாரத்தில் இவ்வகைக் காட்டை மீட்டெடுத்தவர்களின் நாற்றங்காலிலோ வனத்துறையிடமோ ஒரு பருவம் முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டியிருக்கும். அவசரத்தில் ஒப்பந்தக்காரர் கொண்டுவந்து இறக்கும் லாரியில் தேக்கும் மகோகனியும் கொய்யாவும் கலந்திருந்தால், நாட்டு மரம் நடுகிறோம் என்ற நம் நோக்கமே பொய்த்துவிடும். 2011-இல் திறக்கப்பட்ட அடையாறு தொல்காப்பியப் பூங்காவில் உள்ளூர் இனங்களைத் தேடிப்பிடித்து நட்டதன் பின்னே நீண்ட நாள் தயாரிப்பு இருந்தது. எங்கள் சங்கத்துக்கு அந்தப் பொறுமை உண்டா என்பதைச் சங்கமே சொல்ல வேண்டும்.

மூன்றாவது தயக்கமே எனக்குப் பெரியது. குறுங்காட்டுக்குள் மனிதர் நுழைய இடமிருக்காது. பறவைக்கும் பூச்சிக்கும் மண்ணுக்கும் அது நல்லது; ஆனால் பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் பெண்மணிக்கும், மூட்டை இறக்குபவருக்கும், எங்கள் கடை வாசலுக்கும் அதிலிருந்து நிழல் கிடைக்காது. பூட்டிய கம்பி வேலிக்குள் இருக்கும் காட்டைத் தினமும் பார்த்துக்கொள்ள கடைக்காரர் ஒருவரும் தன் கல்லாவை விட்டுப் போகமாட்டார். ஆகவே பராமரிப்பு முழுவதும் கூலிக்குத்தான். நிலம் நம்முடையது அன்று என்பதால், நாளைக்கு அங்கே குடிநீர்த் தொட்டியோ அங்கன்வாடியோ கட்ட முடிவானால் நாம் வழக்காட முடியாது. அவையும் மக்களுக்குத் தேவையானவைதாமே. சமூகப் பொறுப்பு நிதி வைத்திருக்கும் பெரிய நிறுவனம் ஒன்று மொத்தமாகப் பணம் போட்டு, மூன்றாண்டுப் பராமரிப்பையும் ஒப்பந்தமாக்கினால் மியாவாக்கி அதற்குப் பொருத்தமான வழி. மாதம் 500 ரூபாய் கொடுக்கும் முப்பது கடைகளுக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

கடை வாசல் மரம்

இனி தெருமரம். கடைத்தெருவிலும் அதன் கிளைத்தெருக்களிலும் இடைவெளி விட்டு நாற்பது மரங்கள் வைக்கலாம் என்று கொள்வோம். எண்ணிக்கையில் இது மியாவாக்கியின் முன் நிற்காது. வேலையோ அதிகம்: மாநகராட்சிச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையின் சாலையா என்று பிரித்தறிந்து உரியவரிடம் அனுமதி வாங்க வேண்டும், மண்டல அலுவலகத்தின் பூங்காத் துறையிடம் பேச வேண்டும், குழி தோண்டும் இடத்தில் குடிநீர்க் குழாயும் மின்கேபிளும் போகிறதா என்று பார்க்க வேண்டும், மேலே மின்கம்பி போனால் அதன் அடியில் உயரமான மரம் வைக்கக் கூடாது, வைத்தால் ஆண்டுதோறும் மின்வாரியத்தார் வந்து முடியை மொட்டையடிப்பார்கள். மழைநீர் வடிகால் வேலை பாக்கி இருக்கும் தெருவில் நட்டால் அடுத்த ஆண்டே பொக்லைன் வந்து பிடுங்கிவிடும். ஆகவே வார்டு பொறியாளரிடம் அந்தத் தெருவில் என்ன வேலை வரவிருக்கிறது என்று முதலில் கேட்டுவிட வேண்டும். இவ்வளவு தொல்லை இருந்தும், புதிதாக நடும் வழிகளில் இதைத்தான் நான் முதலிடத்தில் வைக்கிறேன். காரணம் தண்ணீர்க் கணக்கு.

முதல் கோடையில் ஒரு கன்றுக்கு ஒரு முறைக்குப் பதினைந்து லிட்டர், அதாவது முக்கால் கேன் தண்ணீர், வாரத்துக்கு மூன்று முறை தேவை என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி நடுவிலிருந்து ஜூன் இறுதி வரை ஏறக்குறைய இருபது வாரங்கள். ஆக ஒரு கன்றுக்கு அறுபது முறை. நாற்பது கன்றுக்கு மொத்தம் 36,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் மூன்றே நடை! தண்ணீருக்கான பணம் ஒரு பொருட்டே அன்று. அந்த 36,000 லிட்டரை நாற்பது வெவ்வேறு இடங்களில், அறுபது வெவ்வேறு நாட்களில், 2,400 தடவையாகப் பிரித்து ஊற்றுவதுதான் பொருட்டு. இதற்குக் கூலியாள் வைத்தால் ஒருவர் தள்ளுவண்டியில் டிரம் வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுற்ற வேண்டும். ஒரு வாரம் அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் போதும், மே மாத வெயில் பொறுத்திருக்காது. அதே 2,400 தடவையை முப்பது கடைகளுக்குப் பிரித்தால் ஒரு கடைக்கு எண்பது வாளி. ஐந்து மாதத்தில் எண்பது வாளி. காலையில் ஷட்டரைத் தூக்கி வாசல் தெளிக்கும் கை அதைக் கூடுதல் வேலையாகவே உணராது.

எங்களைப் போன்ற சிறுகடைகளிடம் பெருநிறுவனங்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: ஆண்டுக்கு முந்நூறு நாளுக்கு மேல், ஒரே இடத்தில், காலை முதல் இரவு வரை நாங்கள் கடையைத் திறந்து வைத்திருக்கிறோம். கன்றின் மேல் வண்டியைச் சாய்ப்பவரை அதட்டுவதற்கும், ஆடு வாய் வைக்கும்போது விரட்டுவதற்கும், முட்டுக்கம்பு சாய்ந்தால் நிமிர்த்துவதற்கும் அதற்கு மேல் காவல் தேவையில்லை. நகரத்தின் பழைய தெருமரங்களைக் கவனித்துப் பார்த்தால், ஒன்றின் அடியில் இஸ்திரி வண்டியோ இளநீர்க் கடையோ செருப்புத் தைப்பவரோ இருப்பார். அந்த மரத்துக்கு அறிவிக்கப்படாத காவலர் அவர்தான். நிழல் அவருடைய கூரை என்பதால் வெட்ட வருபவரிடம் முதலில் சண்டை போடுபவரும் அவர்தான். இந்த ஏற்பாட்டில் அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் வற்புறுத்தல். சந்தா கேட்கத் தேவையில்லை. மரத்தின் பொறுப்பை மட்டும் கொடுத்தால் போதும்.

வாளியில் எந்தத் தண்ணீர் என்பதிலும் கவனம் வேண்டும். குளிர்சாதன எந்திரத்திலிருந்து சொட்டும் நீர் உப்பற்றது. அதைக் குழாய் வைத்துக் கன்றுக்கே விட்டுவிடலாம். தேநீர்க் கடையில் தம்ளர் அலசிய நீரும், சோப்பு கலக்காத வரை, பரவாயில்லை. ஆர்.ஓ. எந்திரத்தின் கழிவுநீரில் உப்பு செறிந்திருக்கும். அதையே நாள்தோறும் ஊற்றினால் மண் கெட்டு இலை ஓரம் கருகும். உணவகத்தின் எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் கலந்த நீரைக் கன்றின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

செலவில் பெரும்பகுதி கன்றுக்குப் போகாது. மூன்றடிக்கு மூன்றடி குழியெடுத்து, இடிபாட்டுக் கல்லை அள்ளிவிட்டு, செம்மண்ணும் தொழு உரமும் நிரப்புவதற்கும், இரும்புக் கூண்டுக்குமே முதலாண்டுப் பணம் சரியாக இருக்கும். ஆளுயரக் கன்றாக, ஆறடிக்குக் குறையாமல், வாங்க வேண்டும். முழங்கால் உயரக் கன்று தெருவில் தப்பாது. கூண்டில் கடையின் பெயர் எழுதிக்கொள்வதை நான் எதிர்க்கவில்லை. பெயர் எழுதிய கூண்டுக்குள் காய்ந்த குச்சி நிற்பது எவருக்கும் கௌரவக் குறைவு என்பதால் அதுவே தண்ணீர் ஊற்றத் தூண்டும். ஆனால் நான்கைந்து ஆண்டில் அந்தக் கூண்டைக் கழற்றும் பொறுப்பும் அந்தக் கடைக்கே உண்டு என்று இப்போதே எழுதிக்கொள்ள வேண்டும். கழற்றாத கூண்டின் வளையம் தடித்த அடிமரத்தில் புதைந்து, மரத்தையே நெரித்துக்கொண்டிருப்பதை நகரெங்கும் காணலாம்.

இருக்கும் மரங்கள்

புதிதாக நடுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் எங்கள் தெருவில் ஏற்கெனவே நிற்கும் மரங்களை எவரும் குறிப்பிடவில்லை. எண்ணிப் பார்த்தேன்: பதினொன்று. அவற்றில் ஏழு மரங்களின் அடி வரை சிமென்ட்; மூன்றில் ஆணியடித்த விளம்பரப் பலகை; அதில் ஒன்று எங்கள் சங்க உறுப்பினர் ஒருவருடைய கடையின் பலகை என்பதைக் கூட்டத்தில் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமென்டை அகற்ற வேண்டும் என்று தில்லி தொடர்பான வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே ஆணையிட்டது. ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் சில நாட்களில் அந்த ஏழு மரங்களின் அடியைத் திறந்துவிடலாம். மாநகராட்சியின் ஒப்புதல் மட்டும் முன்னதாக வேண்டும். இருபது வயதான வேம்பு இன்றே தரும் நிழலை நாம் நடும் கன்று ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்துத்தான் தரும். ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் பயனைப் பார்த்தால் மற்ற எல்லா வழிகளையும் இது மிஞ்சிவிடுகிறது. விழா எடுக்க முடியாது என்பதைத் தவிர இதில் குறை எதையும் நான் காணவில்லை.

பரிந்துரை

முதலாண்டு, ஜூலைக்குள் ஏழு மரங்களின் சிமென்டையும் மூன்று மரங்களின் ஆணியையும் அகற்றும் வேலை முடிய வேண்டும். அதே காலத்தில் அனுமதிகளை வாங்கி, ஆகஸ்டில் குழியெடுத்து ஆறவிட்டு, செப்டம்பரில் மழைக்கு முன் இருபத்து நான்கு கன்றுகள் நட வேண்டும். மீதிப் பதினாறை இரண்டாம் ஆண்டுக்கு ஒத்திப்போடுவது நல்லது. முதல் கோடையில் எங்கே தவறினோம் என்று பார்த்துவிட்டு நடலாம். மூன்றாம் ஆண்டில் புதிய நடவு எதுவும் வேண்டாம். அந்த ஆண்டின் 1,80,000 ரூபாயைப் பட்டுப்போனவற்றுக்கு மாற்றுக் கன்று, கவாத்து, கோடைத் தண்ணீர் ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். கடை அடைத்து ஊருக்குப் போகும் நாட்களுக்காகவும், சொந்தக் கடை எதுவும் முன்னால் இல்லாத தெருமுனை மரங்களுக்காகவும், பிப்ரவரி முதல் ஜூன் வரை பகுதிநேரமாக ஒருவரை அமர்த்த மாதம் 6,000 ரூபாய் தனியே எடுத்து வைக்கலாம். பனங்கொட்டை விதைப்பை நிதிக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். மியாவாக்கிக்கும் இலவசக் கன்றுக்கும் இந்த நிதியிலிருந்து எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து.

கூட்டத்தில் எழுந்து, வெளியே சொல்லத் தயங்கி அடங்கிய ஓர் எதிர்ப்பு மிஞ்சியிருக்கிறது: மரம் வளர்ந்தால் கடையின் பெயர்ப்பலகை மறையும் என்பது. இது நியாயமான கவலை; இதைத் தீர்க்காமல் நட்டால் மூன்றாம் ஆண்டில் ஒரு நள்ளிரவில் சில மரங்கள் தாமாகவே பட்டுப்போகும், காரணம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எனவே குழிகளைக் கடை வாசலின் நடுவில் குறிக்காமல் இரண்டு கடைகளுக்கு இடைப்பட்ட தூணுக்கு நேராகக் குறித்திருக்கிறேன். கன்று வளர வளர அடிக்கிளைகளைக் கழித்து, பத்தடிக்கு மேலேயே முடி விரியும்படி கவாத்து செய்தால் பலகை மரத்தின் கீழே தெரியும். எந்த இரு கடைகள் எந்த மரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன, யார் எந்தக் கிழமை வாளி எடுப்பது என்ற பட்டியலைச் சுண்ணாம்புக் குறிகளோடு ஒப்பிட்டு அடுத்த செவ்வாய் இரவு கடையடைத்த பிறகு நடந்து பார்த்து முடிவு செய்யலாம்.